கிகோவுக்குத் தமிழில் என்ன சொல்? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

இடைநிலைப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட், மலேசியா:

அன்பர்களுக்கு வணக்கம். வீட்டுத் தோட்டத்தைப் பற்றி எங்கள் மாணவர்கள் எழுதிய ஹைக்கூக்களைக் கையேடாக்குகிறோம். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். முன்பக்கத்தில் இலக்கணக் குறிப்பு எழுதப்போய்க் 'கிகோ'வில் நின்றுவிட்டேன். ஹைக்கூவில் எந்தக் காலம் என்று காட்டுகிற சொல் அது. தவளை வந்தால் வசந்தம், நிலா வந்தால் இலையுதிர்காலம் என்று ஜப்பானியர் தனி அகராதியே தொகுத்து வைத்திருக்கிறார்கள். 'பருவச்சொல்' என்று எழுதி இரண்டாம் படிவ வகுப்பில் வாசித்தேன். கடைசி வரிசையில் ஒரே சிரிப்பு. பருவம் என்றால் அவர்களுக்கு வேறு பாடம். மாற்றுச் சொல் இருந்தால் தாருங்கள். மாதிரிக்கு ஒரு மாணவி எழுதியது:

மங்கு நிறைய மழை
பாட்டியின் துளசிக் கன்றில்
குட்டித் தவளை

ரப்பர் மரத்தில் பால் எடுக்கும் மங்குதான். ரப்பர் தோட்டத்தை விட்டு வந்தபோது பாட்டி நான்கைந்து கொண்டு வந்தாராம். அடியில் ஓட்டை கிடையாது. மழை நின்றதும் ஒவ்வொன்றாகச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டுவது இவள் வேலை.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தைப்பிங்:

அம்மா, பிள்ளைகள் சிரித்தால் சொல்லை மாற்றுவதா? ஆனாலும் பருவம் எனக்கும் உவப்பில்லை. வடமொழிப் 'பர்வ'த்தின் வாடை அடிக்கிறது. "முதல் எனப்படுவது நிலம்பொழுது இரண்டின் இயல்பு" என்று தொல்காப்பியர் எடுத்துக் கொடுத்திருக்கிறாரே! கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் ஆறும் பெரும்பொழுது. ஆகவே 'பொழுதுச்சொல்'. பொழுது, போழ்து என்றும் வரும். போழ்தல் என்றால் பிளத்தல். காலத்தைப் பிளந்த கூறு போழ்து என்று எனக்குத் தோன்றுகிறது. இதே பொருளைப் பிடித்துப் போனால் பிளவு, பிளாச்சு என்று நெடுந்தூரம் போகலாம். பேத்தி கணினியைக் கேட்கிறாள், நாளை தொடர்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர், கிள்ளான்:

ஐயா, தொடர வேண்டாம்; வெள்ளிக்கிழமை நெருங்குகிறது. பொழுதுச்சொல் என்றால் பிள்ளைகள் காலை, மாலை என்று எழுதி வைப்பார்கள், இல்லையேல் பொழுதுபோக்கை நினைப்பார்கள். பருவம் சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. குறுந்தொகை 66: "பருவம் வாராஅளவை". தலைவன் சொன்ன பருவம் வரவில்லை, ஆனால் காலமல்லாத காலத்தில் பெய்த மழையைக் கார் என்று நம்பிக் கொன்றை பூத்துவிட்டது, மடமரம் என்கிறாள் தோழி. அந்த மழைக்கு அவள் தரும் பெயர் 'வம்ப மாரி'. மழைக்குப் பேர்போன தைப்பிங்கில் இருக்கும் தங்களுக்கு அதைச் சொல்லியா தர வேண்டும்? நம் நாட்டில் எந்த மழையைத்தான் கார் என்பது?

ஜப்பானியரிடமும் ஒழுங்கு முழுதாக இல்லை. தர்பூசணி அவர்கள் மரபில் இலையுதிர்காலச் சொல். வெயிலில் தின்கிற பழம், ஆனால் பழைய நாட்காட்டிப்படி ஆகஸ்டு தொடக்கத்திலேயே அவர்களுக்கு இலையுதிர்காலம் பிறந்துவிடுகிறது.

நாற்றுப்பண்ணை வைத்திருப்பவர், சுங்கை சிப்புட்:

எனக்கு இலக்கணம் அவ்வளவாக வராது. இந்த ஊரில் ஆறு காலமும் இல்லை, நான்கு காலமும் இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் பால்மரம் இலை உதிர்க்கும். அம்மா பால் வெட்டப் போன நாளில் அதுதான் பால் குறைந்து சம்பளம் சுருங்குகிற காலம். பள்ளிக் காலணி வாங்குவது தள்ளிப்போகும். ஏப்ரலில் ஒரு முறை, அக்டோபர் நவம்பரில் ஒரு முறை மழை கூடும். இடையில் ஜூன், ஜூலையில் டுரியான், ரம்புத்தான். இலை, மழை, பழம். கறிவேப்பிலைக் கன்று கேட்டு வருகிறவர் முகத்தைப் பார்த்தே எந்த மாதம் என்று சொல்லிவிடுவேன். எங்கள் வாயில் வருவது சீசன்தான். 'சீசன் சொல்' என்று போட்டால் யாருக்குப் புரியாது? நானும் ஒன்று எழுதிப் பார்த்தேன்:

வேலிக்கு அப்பால்
டுரியான் விழுந்த சத்தம்
யாரும் தூங்கவில்லை

தலைமையாசிரியர், தைப்பிங்:

சீசனா! அதற்கு மலாய்க்காரரின் 'மூசிம்' எவ்வளவோ மேல். அரபியில் மவுசிம், மான்சூனும் அங்கிருந்து கிளம்பியதுதான். சரி, அது போகட்டும். தம்பியின் டுரியான் இரவு முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை. பொழுதுச்சொல்லை நானே விலக்கிக்கொள்கிறேன். தவளை, நிலா, டுரியான் எதுவும் காலத்தின் பெயர் அன்று. காலத்தில் வாழும் பொருளின் பெயர். அது நிலமும் பொழுதுமான முதற்பொருள் இல்லை, அவற்றில் வாழும் கருப்பொருள். "தெய்வம் உணாவே மாமரம் புட்பறை" என்று தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை என அடுக்கிவிட்டு, "அவ்வகை பிறவும் கரு" என்று முடிக்கிறார் தொல்காப்பியர். அந்தப் 'பிறவும்' வழியாக ரம்புத்தான், பால்மரம், மங்கு எல்லாம் உள்ளே வரலாம். 'கருச்சொல்' என்று அச்சிடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர், கிள்ளான்:

ஐயா, அழகான வாதம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வகுப்பில் கருப்பொருள் என்றால் கதையின் மையக் கருத்து. கருச்சொல்லைப் படித்த பிள்ளை தேர்வில் எதை எங்கே எழுதும் என்று அஞ்சுகிறேன். கருவுக்கும் கடைசி வரிசை சிரிக்கத்தான் செய்யும்.

ஆசிரியை, சுங்கை சிப்புட்:

அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்து எண்ணினால் பருவச்சொல்லுக்கு ஐந்து பேர், கருச்சொல்லுக்கு ஒருவர், சீசனுக்கு ஒருவர். பருவச்சொல் என்றே கொடுத்துவிட்டேன். துளசி எழுதிய மாணவி, "டீச்சர், தினமும் பெய்கிற மழை பருவச்சொல் ஆகுமா?" என்று கேட்டாள். அவளை நாற்றுப்பண்ணை அண்ணனிடம் அனுப்பியிருக்கிறேன். எல்லாருக்கும் நன்றி. தைப்பிங் ஐயாவுக்கு முதல் படி.

தலைமையாசிரியர், தைப்பிங்:

அனுப்புங்கள் அம்மா. என் படியில் பேனாவால் திருத்திக்கொள்கிறேன்.