சிறிய திறமூலத் திட்டத்துக்கு எந்த வழுப் பதிவு அமைப்பு நல்லது?

வணக்கம் நண்பர்களே. நாங்கள் சிலர் சேர்ந்து தமிழ்ப் பிழைதிருத்தி ஒன்றைத் திறமூலமாக (நிரலை யாரும் பார்த்து மாற்றக்கூடியபடி) உருவாக்கி வருகிறோம். வழுக்களை, அதாவது மென்பொருளில் உள்ள பிழைகளை, எங்கே பதிவது என்று முடிவெடுக்க உங்கள் உதவி தேவை.

நிரல், கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்தில் இருப்பதால் வழுக்களைப் பதிய அங்குள்ள இஷ்யூஸ் பகுதியே எளிது. பைத்தான் நிரல்மொழித் திட்டமே 2022-இல் ரவுண்டப் என்ற தன் பழைய வழுப் பதிவு அமைப்பை விட்டு அங்கே மாறியது. ஆனால் எங்களுக்குப் பிழை சொல்பவர்களில் பெரும்பாலானோர் தமிழாசிரியர்கள், மெய்ப்பு பார்ப்பவர்கள். "இந்த இடத்தில் ஒற்று மிகாது, தப்பாகக் காட்டுகிறது" என்று வாட்ஸப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வரும். எங்களுக்கு அதுதான் பொக்கிஷம். கணக்குத் தொடங்கி ஆங்கிலப் படிவத்தை நிரப்பச் சொன்னால் பலர் சொல்லாமலே விட்டுவிடுவார்கள்.

டெபியன் லினக்ஸ் திட்டத்தில் வழுவை மின்னஞ்சலிலேயே அனுப்பலாம். அப்படி ஒரு வழிதான் வேண்டும். கிட்ஹப் போன்ற இன்னொரு தளமான கிட்லேபின் சர்வீஸ் டெஸ்க், வழுப் பதிவு மென்பொருளான ரெட்மைன் இரண்டிலும் மின்னஞ்சல் தானாக வழுப் பதிவாகிவிடும். ரெட்மைனுக்குத் தமிழ் முகப்பும் நாமே மொழிபெயர்த்துச் சேர்க்கலாம். ஆனால் சர்வரை நாமே பராமரிக்க வேண்டும். பக்ஸில்லா என்ற இன்னொரு வழுப் பதிவு மென்பொருள் உறுதியானது, சரி, ஆனால் அதன் நீண்ட படிவம் புதியவர்களை மிரட்டும்.

ரெட்மைனைச் சிறிய சர்வரில் ஓட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பதிப்பு மேம்படுத்தும்போது தொல்லை உண்டா? ஸ்பேம் அஞ்சல்களை எப்படித் தடுக்கிறீர்கள்? அப்புறம், பின்னாளில் வேறிடம் மாறினால் பழைய பதிவுகளையும் படங்களையும் முழுதாக எடுத்துச் செல்ல முடியுமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு யாராவது கட்டாயம் பதில் சொல்லுங்கள்.