ஒரு ரிங்கில் முதலிடம், அடுத்த ரிங்கில் ஒன்றுமில்லை: பூனைக் கண்காட்சி அனுபவங்கள்

தொடங்கியவர்

எங்கள் நீலநிறப் பாரசீகப் பையனுக்கு எட்டு மாதம் நிறைந்த அடுத்த வாரமே அவனைச் சாம்பியன் பிரிவில் இறக்கினோம். (நீலம் என்று சொல்வது வழக்கம், பார்வைக்குச் சாம்பல் நிறம்தான்.) அதுவரை குட்டிகள் பிரிவில் போய்க்கொண்டிருந்தான். நான்கு மாதத்திலிருந்து எட்டு மாதம் வரையிலான அந்தப் பிரிவில் ரிப்பன் உண்டு, பட்டம் கிடையாது. ஆகவே பட்டக் கணக்கு தொடங்கிய முதல் நாள் இது.

ஒரே நாளில் ஆறு ரிங், ஆறு நடுவர்கள். (ஒரு நடுவர் தனியாகப் பூனைகளை மதிப்பிடும் இடம்தான் ரிங்.) முதல் நடுவர் அவனை இரண்டு கைகளாலும் ஏந்தித் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினார். நெற்றி முடியைக் கட்டைவிரலால் ஒதுக்கிவிட்டு மண்டையின் வட்டத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு மேசையில் நிற்கவைத்து, முதுகு சமமாக இருக்கிறதா என்று உள்ளங்கையை ஒருமுறை ஓட்டினார். இனத்தில் சிறந்தவன் என்ற ரிப்பன் கிடைத்தது. இறுதிச் சுற்றின் பத்துப் பூனைகளில் நான்காம் இடமும் கிடைத்தது.

அரை மணி நேரம் கழித்து இருபதடி தள்ளி இருந்த ரிங்குக்குப் போனோம். அதே பூனை, காலையில் சீவிவிட்ட அதே முடி. அங்கே இன்னொரு பாரசீகம் வென்றது. "கண்ணில் செம்பு நிறம் இன்னும் ஆழமாக இருக்க வேண்டும், கழுத்து முடியும் உதிர்ந்திருக்கிறது" என்றார் அந்த நடுவர். இறுதிச் சுற்றுக்கு எங்கள் எண்ணை அழைக்கவே இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இருவரில் யார் பார்த்தது சரி?

ரிங்கில் குறிப்பெழுதுபவர்

இருவர் பார்த்ததும் சரி. பல ஆண்டுகளாக நடுவர் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்தக் கேள்வியோடு கண்கலங்கி வருபவர்களை ஒவ்வொரு கண்காட்சியிலும் பார்க்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பூனைகளைப் பக்கத்தில் வைத்து எது அழகு என்று நடுவர் கேட்டுக்கொள்வதில்லை. ஒவ்வோர் இனத்துக்கும் எழுதப்பட்ட ஒரு தர வரையறை இருக்கிறது. அந்த எழுத்துக்கு எந்தப் பூனை மிக அருகில் நிற்கிறது என்றுதான் பார்க்கிறார். சி.எஃப்.ஏ. என்ற அமெரிக்கப் பூனை அமைப்பு வகுத்திருக்கும் பாரசீக வரையறையை எடுத்துக்கொள்ளுங்கள். கண், காது அமைப்பும் சேர்த்துத் தலைக்கு 30, உடலமைப்புக்கு 20, நிறத்துக்கு 20, முடிக்கு 10, கண்ணின் நிறத்துக்கு 10, சமநிலைக்கு 5, நயத்துக்கு 5, ஆக மொத்தம் 100. உங்கள் பையனின் தலையில் மனம் நிறைந்தவர் முதல் நடுவர். கண்ணின் நிறத்திலும் முடியிலும் குறை கண்டவர் இரண்டாமவர். வரையறை ஒன்றுதான், அதைப் படிக்கும் கண்கள் இரண்டு.

அதனால்தான் பட்டம் என்பது ஒரு நடுவர் தூக்கிக் கொடுத்துவிடும் பொருளாக இல்லை. சி.எஃப்.ஏ.வில், வட அமெரிக்காவில் காட்டப்படும் பூனை சாம்பியன் ஆக ஆறு ரிங்குகளில் தகுதி பெற வேண்டும். இந்தத் தகுதி வேறு, இறுதிச் சுற்றுக்கு அழைக்கப்படுவது வேறு. கிராண்ட் சாம்பியனுக்கு 200 புள்ளிகள். சிறந்த சாம்பியனாகத் தேர்வாகும்போது, அந்த ரிங்கில் பின்தள்ளிய ஒவ்வொரு சாம்பியனுக்கும் ஒரு புள்ளி வீதம் அது சேரும். வந்திருக்கும் சாம்பியன்கள் பத்துப் பேர்தான் என்றால் வென்றாலும் ஒற்றை இலக்கம்தான். டிக்கா என்ற இன்னொரு பூனை அமைப்பின் உச்சப் பட்டமான சுப்ரீம் கிராண்ட் சாம்பியனுக்கு 6,000 புள்ளிகள் வேண்டும். கூடவே ஓர் இறுதிச் சுற்றிலாவது முதலிடம் பிடித்திருக்க வேண்டும். கருத்தடை செய்த பூனைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு, சி.எஃப்.ஏ.வில் அங்கே சாம்பியனுக்குப் பதில் பிரிமியர் என்று பெயர்.

நடுவர் கையில் இருக்கும் ஏட்டில் பூனையின் பெயரோ உரிமையாளர் பெயரோ இருக்காது. எண், இனம், நிறம், பால், வயது, அவ்வளவுதான். பெயர்கள் அச்சிட்ட கையேடு என் மடியில் இருக்கிறது. அவர் கண்ணில் அது படாமல் வைத்திருப்பதும் என் வேலை. கருத்தடை செய்யாத இரண்டு ஆண் பூனைகளை அடுத்தடுத்த கூண்டில் விடாமல் பார்த்துக்கொள்வதும் என் வேலைதான். ஒரு பூனை கூண்டை விட்டுப் போனதும் கிருமிநாசினி தெளித்துத் துடைத்த பிறகே அடுத்த பூனை உள்ளே வரும். நடுவரும் ஒவ்வொரு பூனைக்கும் கையையும் மேசையையும் துடைக்கிறார். கூண்டில் இருந்தபோது அழகாகத் தெரிந்த பூனை மேசைக்கு வந்ததும் காதை மடக்கிக் குறுகிப்போவதை நாள் முழுக்கப் பார்க்கிறேன். பொறுமையான நடுவர் ஓர் இறகுக் குச்சியை அசைத்து, அது மறுபடி தலை தூக்கும்வரை காத்திருப்பார்.

சியாமீஸ் வளர்ப்பவர்

குறிப்பெழுதும் அக்கா சொன்ன 100 புள்ளிகளுக்குள் வராத விஷயமும் ஒன்று உண்டு. எங்கள் பெண்ணை நடுவர் தூக்கி நீட்டிப் பிடித்தபோது, நீளமான மெல்லிய அந்த உடலைப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு வாலின் அடியில் இரண்டு விரல்களை வைத்து நுனிவரை உருவினார். நுனிக்குச் சற்று முன்னால் விரல்கள் நின்றன. திரும்பி வந்து மறுபடி உருவினார். அதே இடத்தில் நின்றன.

அவள் தகுதி நீக்கம் ஆனாள். சுற்று முடிந்தபின் நடுவரைப் பார்த்துக் காரணம் கேட்டேன். என் ஆள்காட்டி விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். மிளகளவு ஒரு முடிச்சு, வால் எலும்பின் வளைவு. இரண்டு ஆண்டுகளாக நாள்தோறும் தடவிய கைக்கு அது தட்டுப்படவே இல்லை. அந்தக் காலத்து சியாமீஸ்களுக்கு இது சாதாரணமாக இருந்ததையும், வளர்ப்பவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துக் குறைத்ததையும் எடுத்துச் சொன்னார். அவளுக்குக் கருத்தடை செய்துவிட்டோம். வாலுக்கு வலியுமில்லை, அவளுக்குக் கவலையுமில்லை. இப்போது புதுக் குட்டி எதைப் பார்த்தாலும் என் கை முதலில் வால் நுனிக்குத்தான் போகிறது.

ஐரோப்பாவில் காட்டியவர்

ஐரோப்பாவில் பரவலாக இருக்கும் ஃபீஃபே என்ற பூனை அமைப்பின் முறையில் ரிங் ரிங்காக அலைய வேண்டியதில்லை. அன்று உங்கள் பூனையைப் பார்ப்பவர் ஒரு நடுவர். பார்த்ததையெல்லாம் தலை, காது, கண், உடல், வால், முடி என்று தாளில் எழுதிக் கையொப்பமிட்டுத் தருகிறார். வளர்ப்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது என்பது என் எண்ணம். 88 புள்ளி வந்தால் 'மிகச் சிறப்பு'. ஆனால் சாம்பியன் பட்டத்துக்கான சான்றிதழ் வேண்டுமென்றால் 93 வேண்டும். வகுப்பில் தனியாக நின்று முதலிடம் பெற்ற என் பிரிட்டிஷ் ஷார்ட்ஹேருக்கு ஒருமுறை சான்றிதழ் மறுக்கப்பட்டது. தாளில் "தாடை இன்னும் நிரம்ப வேண்டும்" என்று எழுதியிருந்தது. ஓராண்டு காத்திருந்தேன். தாடை நிரம்பியது, சான்றிதழும் வந்தது. மூன்று வெவ்வேறு நடுவர்களிடம் மூன்று சான்றிதழ் சேர்ந்தால் சாம்பியன்.

பிரிட்டனின் பூனை அமைப்பான ஜி.சி.சி.எஃப். முறையிலும் அதே மூன்று நடுவர் கணக்குதான். அங்கே வழிவழியாக வந்த வழக்கம் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். கூண்டில் வெள்ளை விரிப்பு, வெள்ளைத் தட்டு, வெள்ளை மணல்தொட்டி தவிர வேறொன்றும் வைக்காமல், உரிமையாளர்கள் எல்லோரும் கூடத்தைவிட்டு வெளியேறுவார்கள். நடுவர் சிறு தள்ளுமேசையோடு கூண்டு கூண்டாக வருவார். 1871 ஜூலை 13 அன்று லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஹாரிசன் வேர் நடத்திய கண்காட்சியிலிருந்து வளர்ந்த மரபு இது. பூனையை எதை வைத்து மதிப்பிடுவது என்பதை அவரே எழுதித்தான் தொடங்க வேண்டியிருந்தது.

வீட்டுப்பூனை வளர்ப்பவர்

என் பூனைக்கு இனமும் இல்லை, வம்சாவளித் தாளும் இல்லை, பின்னங்கால் ஒன்றும் இல்லை. குட்டியாக இருந்தபோது வண்டியில் அடிபட்டவன். டிக்காவில் வீட்டுப்பூனைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, கால் இல்லாததைக் குறையாகக் கொள்ள மாட்டார்கள் என்று ஒருவர் சொல்லி அழைத்துப் போனார். அங்கே எழுதிய வரையறை கிடையாது. உடல் நலம், சுத்தம், சுபாவம், அந்தப் பூனைக்கே உரிய அழகு ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். நடுவர் மேசையில் விட்டதும் மூன்று காலில் நேராக அவரிடம் போய்த் தலையால் முட்டினான். இப்போது அவன் பெயருக்கு முன்னால் மாஸ்டர் என்ற பட்டம் இருக்கிறது. சாம்பியனுக்கு நிகராக எங்கள் பிரிவில் கொடுப்பது அது.

தொடங்கியவர்

எல்லோருக்கும் நன்றி. அன்றைய ஆறு ரிங்குகளிலும் தகுதி கிடைத்திருக்கிறது, அதாவது அவன் சாம்பியன் ஆகிவிட்டான் என்பதே அக்காவின் பதிலைப் படித்த பிறகுதான் புரிந்தது. இறுதிச் சுற்றில் அழைக்காததையே நினைத்துக்கொண்டிருந்ததில் அதைக் கவனிக்கவில்லை. வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். கழுத்து முடி மறுபடி அடர்ந்து வரும்வரை கண்காட்சி வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். கண்ணின் நிறம் வயதோடு ஆழமாகுமா என்று பாரசீகம் வளர்ப்பவர்கள் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.