டாக்டர் வீடும் பாதி மானியமும்

புதுச்சேரியின் தமிழர் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அக்கம்பக்கத்தில் இன்னமும் ‘டாக்டர் வீடு’ என்றுதான் பெயர். தாத்தா, 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியில் படித்தவர். இன்றைய ஜிப்மருக்கு முன்னோடி அதுதான். கீழ்க்கட்டு திண்ணையும் முற்றமுமாகத் தமிழ் வீடு. மாடிக்குப் போனால் வளைவு ஜன்னல்களும் தூண்களுமாக பிரெஞ்சுச் சாயல்.

வைசியாள் வீதி முகப்புகளைப் புதுப்பித்ததற்கு 2008-இல் யுனெஸ்கோ விருது கிடைத்தபோதே அம்மாவுக்கு ஆசை வந்துவிட்டது. எங்கள் வீட்டைப் புதுப்பிக்க மானியம் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. பாதிச் செலவு மானியம் தருபவர்களுடையது, பாதி எங்களுடையது. அதுவும் தெருப்பக்க முகப்புக்கு மட்டும். இந்த ‘மட்டும்’ என்ற சொல்லைக் கையெழுத்துப் போடும்போது நான் சரியாகப் படிக்கவில்லை.

அப்பா ஒரு காலத்தில் சுவர் முழுக்க சிமெண்ட் பூசித் திண்ணையைக் கம்பி போட்டு அடைத்திருந்தார். நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் கடலோர ஊரில் தரையிலிருந்து ஏறும் உப்பு ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று, செங்கல்லைத் தவிடாக்கிவிட்டது. சிமெண்டைக் கொத்தி எடுக்கவே மூன்று வாரம். பிறகு, பல நாள் ஊறிய சுண்ணாம்பை மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டுப் பூசினார்கள். கொத்தனாருக்கு எழுபது வயது. அவசரப்படுத்தினால் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார்.

சிமெண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஜன்னல் கிடைத்தது. கம்பவுண்டர் அதன் வழியாகத்தான் மிக்சர் மருந்து பாட்டிலைத் திண்ணைக்கு நீட்டுவாராம். பாட்டிலின் மேல் வேளைக்கு எவ்வளவு என்று காட்டும் காகிதத் துண்டு ஒட்டியிருக்குமாம். திண்ணைச் சுவரில் வரிசையாக எண்ணெய்க் கறைகள்: காத்திருந்த நோயாளிகள் தலை சாய்த்த இடங்கள். அம்மா அவற்றை விட்டுவைக்கச் சொன்னார். எண்ணெய் ஊறிய இடத்தில் வெள்ளை பிடிக்காது, கொத்தத்தான் வேண்டும் என்றார் கொத்தனார். ஒரே ஒரு கறையை மட்டும், ஜன்னலுக்குப் பக்கத்தில், கெஞ்சிக் காப்பாற்றினோம்.

முகப்பு இப்போது கண்ணைப் பறிக்கிறது. பின்கட்டிலோ தேக்கு விட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கிய மெட்ராஸ் தளம் ஒழுகுகிறது. ஐப்பசி மழைக்கு இரண்டு அண்டாக்கள் வைத்தோம். அந்தச் செலவு முழுதும் எங்களுடையது. அதே கொத்தனார்தான்; தை பிறக்கட்டும், வருகிறேன் என்றிருக்கிறார்.