எம்பிபிஎஸ் சீட்: கோவை கையில் இருக்கு, இடுக்கி வந்திருக்கு, திருச்சூர் வரலாம்: எதைப் பிடிப்பது?

கொழிஞ்சாம்பாறை கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுகா. பொண்ணு பத்து வரைக்கும் தமிழ் மீடியம். மலையாளம் நல்லாப் பேசுவா, எழுத்துதான் தடுமாறும். ஓபிசி. எம்சிசி (மத்திய மருத்துவக் கவுன்சிலிங் கமிட்டி) முதல் சுற்றில் அகில இந்திய ஒதுக்கீட்டில் கோயம்புத்தூர் மெடிக்கல் காலேஜ் கிடைச்சிருக்கு. கேரள ஒதுக்கீட்டில் முதல் கட்டத்தில் இடுக்கி. இரண்டாம் கட்டத்தில் திருச்சூர் வரும்னு அக்கம்பக்கத்தில் சொல்றாங்க. கோவையில் சேர்ந்துட்டா பிறகு திருச்சூருக்கு மாற முடியுமா? அப்கிரேட் (அடுத்த சுற்றில் இதைவிட நல்ல காலேஜுக்கு மாறுவது) வேணுமான்னு கேட்டால் என்ன சொல்றது? பின்னால பி.ஜி.க்கு எது தோது? இதுக்கு நடுவில் ஒரு புரோக்கர் வேற மேனேஜ்மென்ட் சீட்டுன்னு தினமும் போன் பண்றார்.

வாளையாறு ரோடு:

புரோக்கர் நம்பரை முதலில் பிளாக் பண்ணுங்க. எம்பிபிஎஸ் சீட் எதுவானாலும் கவுன்சிலிங் வழியாகத்தான் நிரம்பும். நேரில் வாங்கித்தருகிறேன் என்பது ஏமாற்று வேலை.

திருச்சூர் வரும் வரை காத்திருக்க வேண்டாம், கோவையில் சேர்ந்துவிடுங்க. முதல் சுற்றில் சேர்ந்தவர், எம்சிசி அறிவித்த தேதிக்குள் விலகினால் கவுன்சிலிங்குக்குக் கட்டிய டெபாசிட் திரும்பும். இரண்டாம் சுற்று சீட்டை விட்டால் டெபாசிட் போய்விடும். அரசுக் கல்லூரி ஒதுக்கீட்டில் அது ஓபிசிக்கு 5,000 ரூபாய், பொதுப் பிரிவுக்கு 10,000. நல்ல சீட்டுக்காக இழக்கலாம் என்கிற தொகைதான். மூன்றாம் சுற்றில் சேர்ந்தால் விலக முடியாது, வேறு கவுன்சிலிங்கிலும் கலந்துகொள்ள முடியாது. ஆகவே கேரள இரண்டாம் கட்ட ரிசல்ட் தேதியையும் எம்சிசி விலகல் கடைசித் தேதியையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்க. இரண்டு சீட்டை ஒரே நேரத்தில் வைத்திருக்க முடியாது. சேர்ந்தவர்கள் விவரம் எம்சிசிக்கும் மாநிலத்துக்கும் இடையே போய்வரும்.

இப்போது கொடுக்கிற அப்கிரேட் சம்மதம் எம்சிசியின் அடுத்த சுற்றுக்கு மட்டும். கேரள கவுன்சிலிங்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சம்மதம் கொடுத்து வேறு காலேஜ் விழுந்தால் கோவை சீட் தானாக ரத்தாகிவிடும். புதுசு பிடிக்கவில்லை என்றாலும் பழசு திரும்பாது. தவறு நடப்பது சாய்ஸ் (வேண்டிய காலேஜ்களின் பட்டியல்) போடுகிற இடத்தில்தான். இரண்டாம் சுற்றுக்கு சாய்ஸ் புதிதாகக் கொடுக்க வேண்டும். பழைய பட்டியலிலிருந்து கோவைக்குக் கீழே இருந்த காலேஜ்களையும் இழுத்துப் போட்டால், உங்களுக்கு எது மேல் எது கீழ் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது, அதில் ஒன்றைக் கொடுத்துவிடும். கோவையைவிட நிச்சயமாக மேல் என்று நினைப்பதை மட்டும் போடுங்க. அப்படி ஒன்றும் இல்லையென்றால் ‘சம்மதமில்லை’ என்று கொடுத்துவிடுங்க.

விலக நேர்ந்தால் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீங்க. எம்சிசி போர்ட்டலில் காலேஜ் உருவாக்கித் தருகிற ராஜினாமாக் கடிதம்தான் செல்லும். அது இல்லாவிட்டால் கணக்கில் நீங்கள் இன்னும் கோவை மாணவிதான். ஒரிஜினல் சான்றிதழ்களை ஒப்படைக்கும்போது ஒவ்வொன்றின் பெயரும் உள்ள ரசீது வாங்குங்க. அதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, ஐந்து செட் காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்க.

வேலந்தாவளம்:

காலேஜைப் பற்றி நான் சொல்கிறேன். கோவையில் காலேஜ் அவிநாசி ரோட்டில் பீளமேடு பக்கம், ஆஸ்பத்திரி திருச்சி ரோட்டில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம். முதல் வருஷம் அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி எல்லாம் காலேஜ் பக்கம்தான். இரண்டாம் வருஷத்திலிருந்து வார்டுக்குப் போகணும். ரெண்டு இடத்துக்கும் நடுவே தினமும் எப்படிப் போய்வருவது, காலேஜ் பஸ் எத்தனை மணிக்கு என்று சேரும் அன்றே கேளுங்க. வேலந்தாவளம் வழியாக வீட்டிலிருந்து போய்வர முதல் வருஷம் முடியும். கேஷுவாலிட்டி நைட் டூட்டி வந்தபின் ஹாஸ்டல்தான் சரி. திருச்சூரில் முளங்குன்னத்துக்காவில் காலேஜும் ஆஸ்பத்திரியும் ஒரே வளாகம், ரயில்வே ஸ்டேஷனும் பக்கத்திலேயே.

படுக்கை எண்ணிக்கையை வைத்து முடிவு எடுக்காதீங்க. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிப்படி 100 சீட்டுக்கு 420 படுக்கை, 150 சீட்டுக்கு 605 இருந்தாகணும், எல்லாரும் அதைக் காட்டுவார்கள். ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் போய் ஓபி (வெளிநோயாளி) சீட்டு வரிசையைப் பாருங்க. பிறகு ஹவுஸ் சர்ஜன்களிடம் (படிப்பு முடித்து ஆஸ்பத்திரிப் பயிற்சியில் இருப்பவர்கள்) பேசுங்க, முதல் வருஷப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. கேட்க வேண்டியது இதுதான்: ஓஜி (மகப்பேறு, மகளிர் நோய்) போஸ்டிங் ஏழு வாரத்தில் தன் கையால் எத்தனை பிரசவம் பார்த்தார், தையல் எத்தனை போட்டார், கம்யூனிட்டி மெடிசின் பன்னிரண்டு வாரம் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தார். எண்ணைச் சட்டென்று சொன்னால் அங்கே வேலை இருக்கிறது. யோசித்து இழுத்தால் நீங்களே புரிந்துகொள்ளலாம்.

மொழியைப் பற்றிக் கவலையே வேண்டாம். கேஸ் ஷீட்டும் பரீட்சையும் இங்கிலீஷ். நோயாளி பேச்சு புரிவதுதான் முக்கியம். ‘கிறுகிறுன்னு வருதுங்க சாமி’ என்கிற பாட்டியும் ‘தலகறக்கம்’ என்கிற அம்மச்சியும் ஒரே தொந்தரவைத்தான் சொல்கிறார்கள் என்று எல்லைப் பிள்ளைக்கு உடனே தெரியும். வேறு ஊர்ப் பிள்ளைகளுக்கு அது வர ஒரு வருஷம் ஆகும்.

முளங்குன்னத்துக்காவு:

பி.ஜி. கேள்விக்கு: 2025 ஜனவரி 29 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், பி.ஜி. மருத்துவ இடங்களில் இருப்பிட ஒதுக்கீடு செல்லாது என்று சொல்லிவிட்டது. படித்த கல்லூரிக்கான முன்னுரிமையை ஓரளவுக்கு அனுமதித்தது. அதனால் ‘நாம் கேரளம், கேரளாவில் பி.ஜி. எளிது’ என்ற பழைய கணக்கை இப்போது போடக்கூடாது. எம்பிபிஎஸ் எங்கே படித்தோம் என்பதற்குத்தான் எடை கூடியிருக்கிறது. அகில இந்திய 50 சதவீதத்துக்கு எங்கே படித்தாலும் ஒன்றுதான். கோவையில் முடித்தால் டாக்டர் பதிவு தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில். ஊரில் கிளினிக் போடுவதானால் கேரள கவுன்சிலிலும் பதிய வேண்டும்.

இடுக்கிக்காகக் கோவையை விட வேண்டாம். 1966இல் தொடங்கிய காலேஜ், பெரிய ஆஸ்பத்திரி, வீட்டுக்கும் கிட்டத்தில். திருச்சூர் நிஜமாகவே வந்தால் மட்டும் யோசிக்கலாம். அப்போதும் விலகல் தேதி தாண்டியிருந்தால் கோவைதான். இன்னொன்று, எங்கே சேர்ந்தாலும் பிராஸ்பெக்டஸில் பாண்ட் (படிப்பு முடித்தபின் அரசுப் பணி செய்வதாக எழுதிக்கொடுப்பது), இடையில் நின்றால் கட்ட வேண்டிய தொகை, இந்த இரண்டு பத்தியையும் கையெழுத்துக்கு முன்னால் நீங்களே படியுங்க. பொண்ணிடம் விட்டுவிடாதீங்க.

கொழிஞ்சாம்பாறை:

ரொம்ப நன்றிங்க. வில்லேஜ் ஆஃபீஸில் வாங்கின நான்-கிரீமிலேயர் சர்டிபிகேட் (ஓபிசியில் வசதி வரம்புக்குள் இருக்கோம்னு காட்டுவது) இருக்கு. கோவைக்கு அது போதுமா?

வாளையாறு ரோடு:

போதாதுங்க. கேரள அட்மிஷனுக்கு வில்லேஜ் ஆபீசர் கொடுப்பது வேறு, மத்தியப் படிவத்தில் தாசில்தார் கொடுப்பது வேறு. அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு இரண்டாவதுதான் வேணும். உங்கள் சமூகம் கேரளத்துக்கான மத்திய ஓபிசி பட்டியலில் இருக்கா என்றும் பாருங்க. தமிழ்நாட்டுப் பட்டியலில் இருப்பதால் மட்டும் ஆகாது. பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்பு சர்டிபிகேட்டில் உள்ளபடியே இருக்கணும். நாளைக் காலையிலேயே அக்ஷயா இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டு, அந்த ரசீதோடு சித்தூர் தாலுகா ஆபீசுக்கு நேரில் போய்விடுங்க.