உச்சியில விசை அதிகமாம்! சொல்றவரு டியூஷன் மாஸ்டராம்!

பிப்பெட் பாண்டி: நேத்து இன்னொரு திரியில ஒருத்தர் போட்டிருந்தாரு, "வினை நடக்க நடக்க ஆற்றல் எப்படி ஏறி எறங்குதுன்னு காட்டுற வேதிவினை வரைபடத்துல அந்த மேட்டோட உச்சி இருக்கே, அங்கதான் விசை அதிகபட்சம், அதனாலதான் அங்க பிணைப்பு உடையுது"ன்னு. அதுக்கு லைக் வேற. படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. ஆற்றல் உச்சத்துல இருக்குற எடத்துல கோட்டோட சரிவு பூஜ்யம். ஆற்றல் கோட்டோட சரிவுதான் விசையோட அளவு, அதனால சரிவு பூஜ்யம்னா பாதை வழியா விசையும் பூஜ்யம். பன்னெண்டாங் கிளாஸ் கணக்குதான் இது.

தேனி மாஸ்டர்: எழுதுனது நான்தான் தம்பி, பேரச் சொல்லியே திட்டலாம். 22 வருஷமா பாடம் எடுக்குறேன். விசையே இல்லன்னா அணுவெல்லாம் உச்சியில உக்காந்து டீ குடிக்குமா? அந்தப்பக்கம் எப்படி எறங்குது?

பிப்பெட் பாண்டி: ஏறி வந்த வேகத்துல போகுது சார். விசை வேற வேகம் வேற. டீ குடிக்கவும் நேரமில்ல, அங்க இருக்குறதே ஃபெம்டோசெகண்ட் (செகண்டுல ஆயிரம் லட்சம் கோடில ஒரு பங்கு) கணக்கு, அந்த நேர அளவுல வினைகள லேசர் வச்சு பாத்ததுக்குத்தான் 1999ல எகிப்துல பொறந்த ஜெவைலுக்கு நோபல் குடுத்தாங்க. ஒரு ஹைட்ரஜன் அணு ஹைட்ரஜன் மூலக்கூறு மேல மோதி, ஒரு அணுவ வெளிய தள்ளிட்டு தான் ஒட்டிக்குதுன்னு வைங்க. ஐரிங், பொலானின்னு ரெண்டு வேதியியலாளருங்க 1931லயே இதுக்கு ஆற்றல் பரப்பு, அதாவது அணுக்கள் எவ்ளோ தூரத்துல இருந்தா எவ்ளோ ஆற்றல்னு காட்டுற படம், போட்டுட்டாங்க. மூலக்கூறா இருக்கும்போது பிணைப்பு நீளம் 0.74 ஆங்ஸ்ட்ராம். உச்சியில மூணு அணுவும் ஒரே நேர்கோட்டுல, நடுவுல இருக்குறதுக்கு ரெண்டு பக்கமும் 0.93. ரெண்டு பக்கமும் சமமா இழுக்குது. பூஜ்யம்.

தேனி மாஸ்டர்: "இழுக்குது"ன்னு நீங்களே சொல்லிட்டீங்களே! இழுத்தா விசை இருக்குல்ல?

பிப்பெட் பாண்டி: நிகர விசை சார் நிகர விசை.

தேனி மாஸ்டர்: மொத பதிவுல "நிகர"ன்னு எங்க இருக்கு? எனக்கு கண்ணாடி பவர் கூடிப்போச்சோ என்னமோ.

கெமிஸ்ட்ரி அக்கா: ரெண்டு பேரும் ஒண்ண விட்டுட்டீங்க. அந்த ஹைட்ரஜன் பிணைப்ப முழுசா உடைக்க மோலுக்கு 436 கிலோஜூல் வேணும், ஆனா பாண்டி சொல்ற மேட்டோட உயரம் சுமார் 40தான். ஏன்னா ஒரு பக்கம் விடும்போதே மறுபக்கம் புடிச்சிக்குது. அப்ப உச்சியில பிணைப்பு "உடையுது"ன்னு மாஸ்டர் எழுதுனதே சரியில்ல, பாதி அவுந்து பாதி கட்டுன நெலம அது.

பிப்பெட் பாண்டி: அக்கா அது கெடக்கட்டும், விசை பூஜ்யமா இல்லையா? அத சொல்லுங்க. வீடு மாத்தும்போது இரும்பு பீரோவ சாய்ச்சிருக்கீங்களா? மொதல்ல நாலு பேரு மூச்சு முட்ட தள்ளணும். ஒரு எடம் வரும், அங்க ஒத்த வெரல்ல நிக்கும். அதுக்கப்புறம் தானா சாயும், கால எடுத்துக்கணும். அந்த ஒத்த வெரல் எடம்தான் உச்சி.

நைட் ஷிப்ட் நாகு: பீரோவுக்கு ஆரம்பத்துலயே அதிக பலம் வேணும்ணே. வினைல ஆரம்பம் பள்ளம், அங்கயும் சரிவு பூஜ்யம்தானே? பீரோ உதாரணம் ஊத்திக்கிச்சு 😂

தேனி மாஸ்டர்: அப்படி போடு! ஊருக்கெல்லாம் சரிவு சொல்றவருக்கு பீரோவோட சரிவு தெரியல.

பிப்பெட் பாண்டி: உதாரணம்னா ஒரு பக்கம்தான் ஒத்துப்போகும். நான் சொன்னது உச்சிய பத்தி மட்டும். வினைல பள்ளத்துல பூஜ்யம், ஏறுற வழியில நடுவுல எங்கயோ எதிர்ப்பு அதிகபட்சம், உச்சியில மறுபடி பூஜ்யம், எறங்குற வழியில தள்ளிவிடுற விசை அதிகபட்சம், கீழ போனா திரும்ப பூஜ்யம். சிலி நாட்டு வேதியியலாளர் டோரோ-லாப்பே இதுக்கு வினை விசைன்னே பேர் வச்சு, அந்த ரெண்டு அதிகபட்சத்தையும் எல்லையா வச்சு பாதைய மூணு துண்டா பிரிச்சு பாக்குறாரு. மாஸ்டர் தேடுற அதிகபட்சம் அந்த சரிவுகள்ல இருக்கு, உச்சியில இல்ல.

தேனி மாஸ்டர்: போன மாசம் வினையூக்கி விவகாரத்துலயும் இவரு இதே பாட்டுதான். நான் "மேட்ட கொறைக்குது"ன்னேன், இவரு "வேற பாதை காட்டுது"ன்னு மூணு நாள் தூங்க விடல. பசங்க பரிட்சையில எது எழுதினாலும் மார்க்கு விழுது.

பிப்பெட் பாண்டி: மார்க்கு விழுந்தா உண்மையாயிடுமா? அன்னைக்கும் நான் சொன்னதுதான் சரி.

நைட் ஷிப்ட் நாகு: ரெண்டு மெத்தில் ராடிக்கல் (ஜோடி சேராத எலக்ட்ரானோட இருக்குற துண்டு) சேந்து ஈத்தேன் ஆகுறதுக்கு மேடே கெடையாதேண்ணே. அங்க எந்த உச்சியில பூஜ்யம்?

பிப்பெட் பாண்டி: மேடு இருக்குற வினைய பத்தி பேசுறோம் தம்பி, மேடு இல்லாத ஊருக்கு வழி கேக்காத. நீ பீரோவுல இருந்தே என்னை நோண்டுற, கவனிச்சிட்டுதான் இருக்கேன்.

நைட் ஷிப்ட் நாகு: நான் பொதுவாத்தான் கேட்டேன். பீரோ மேல இவ்ளோ பாசம்னு தெரியாது.

கெமிஸ்ட்ரி அக்கா: கரைசல்ல, வெப்பநிலையோட சேத்து கட்டிலா ஆற்றல் (free energy) பாத்தா உச்சி இருக்குற எடமே கொஞ்சம் நகரும், அதையும் பேசலாமே...

பிப்பெட் பாண்டி: அக்கா குழப்பாதீங்க. நிலை ஆற்றல் கோடு, உச்சி, சரிவு பூஜ்யம், விசை பூஜ்யம். நாலாவது தடவ சொல்றேன்.

தேனி மாஸ்டர்: நாப்பது தடவ சொல்லுங்க. அணு அங்க டீ குடிக்குதா இல்லையா, அதுக்கு இன்னும் பதில் வரல.