பி.எட். முடித்து துபாய் வந்திருக்கிறீர்களா? பன்னாட்டுப் பள்ளிக்குள் நுழைய இன்டர்ன்ஷிப் ஒரு வழி

"எங்கே விண்ணப்பித்தாலும் பதிலே வருவதில்லை அக்கா." கணவரின் விசாவில் வந்து, பெட்டியில் பி.எட். சான்றிதழோடு காத்திருக்கும் தங்கைகள் பலர் என்னிடம் சொல்வது இது. 2014ஆம் ஆண்டு நானும் அப்படித்தான் வந்தேன். ஊரில் மெட்ரிக் பள்ளியில் ஐந்து ஆண்டு பாடம் எடுத்த அனுபவம் இருந்தது. இங்கே ஏழு மாதம் ஒரு நேர்காணல்கூடக் கிடைக்கவில்லை. பிறகு பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளி ஒன்றில் இன்டர்னாக, அதாவது வகுப்பாசிரியரோடு இருந்து பழகும் பயிற்சியாளராகச் சேர்ந்தேன். அடுத்த கல்வியாண்டில் வகுப்பாசிரியை ஆனேன்.

பள்ளிகள் ஏன் பதில் போடுவதில்லை என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். பிரிட்டிஷ் பள்ளிகளில் பல, இங்கிலாந்தில் பயிற்சி பெற்றவர்களைத்தான் முதலில் பார்க்கின்றன. அது மனத்தை வலிக்கச் செய்யும். ஆனால் நம் விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு இன்னொரு தயக்கமும் இருக்கிறது: கரும்பலகை முன் நின்று நாற்பது பேருக்குப் பாடம் எடுத்தவர், கம்பளத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பாரா? காகிதத்தில் எதை எழுதினாலும் அந்தத் தயக்கம் தீராது. வகுப்புக்குள் ஒரு வருடம் பார்த்துவிட்டால் தீர்ந்துவிடும். இன்டர்ன்ஷிப்பின் பலன் அதுதான்.

உள்ளே போனபின் நாமும் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. என் முதல் வாரம், ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஃபோனிக்ஸ் பாடம்; எழுத்துகளின் ஒலிகளைக் கூட்டி ஆங்கிலம் வாசிக்கப் பழக்குவது. என் பக்கத்தில் இருந்த சிறுவனுக்கு ஒவ்வொரு எழுத்தாகக் காட்டி "ம, ஏ, ட" என்று சொல்லிக்கொடுத்தேன். அவன் கூட்டிப் பார்த்தான்; "மஏட" என்றான். திரும்பவும் அதே. பாயைக் குறிக்கும் "மேட்" என்ற சொல் அவனுக்குக் கிட்டவேயில்லை. வகுப்பாசிரியை பிறகு என்னைத் தனியே அழைத்து, மெய்யொலிக்குப் பின்னால் உயிரொலி ஒட்டவே கூடாது என்று பொறுமையாகச் சொன்னார். அன்று இரவு சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது: அவர் கேட்பது புள்ளி வைத்த எழுத்து! ம், ஏ, ட். நாம் சிறுவயதிலேயே படித்த மெய்யெழுத்து. மறுநாள் அந்தச் சிறுவன் இரண்டாம் முறையே "மேட்" என்று கத்தினான். தமிழ் படித்த நமக்கு இது கைவந்த பாடம். நேர்காணலில் இதை எடுத்துச் சொல்ல வெட்கப்படாதீர்கள்.

மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கமும் உண்டு. கன்னத்தைக் கிள்ளுவது, மடியில் உட்கார வைப்பது, கைப்பேசியில் படம் எடுப்பது எல்லாம் நமக்குப் பாசம். இங்கே அவை குழந்தைப் பாதுகாப்பு விதிகளை மீறும் செயல்கள். முதல் நாளே இவற்றை விட்டுவிடுங்கள்.

இனி மிக முக்கியமான விஷயம். "சும்மா வந்து மூன்று மாதம் உதவி செய்யுங்கள், பிறகு பார்க்கலாம்" என்று சொல்லும் பள்ளிக்குப் போகவே போகாதீர்கள். கணவர் அல்லது தந்தையின் ஸ்பான்சரில் இருந்தாலும் வேலை செய்வதற்குத் தொழிலாளர் அமைச்சகத்தின் பணி அனுமதி வேண்டும்; அதைப் பள்ளிதான் எடுத்துத் தர வேண்டும். அனுமதி இல்லாமல் வேலை செய்தால் சட்டச் சிக்கல் உங்களையும் தொடும். இடம் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் ஏஜென்டுக்கு ஒரு திர்ஹம்கூடக் கொடுக்காதீர்கள். ஆட்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்று 2021ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டமே சொல்கிறது.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். துபாயின் தனியார் பள்ளிகளைக் கண்காணிக்கும் கே.எச்.டி.ஏ., ஆய்வறிக்கைகளை இணையத்தில் வெளியிட்டிருக்கிறது. பெற்றோர்கள் மதிப்பீட்டை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். நீங்கள் ஆசிரியர் பற்றிய பகுதிக்குப் போங்கள். எத்தனை ஆசிரியர்கள், அவர்களில் எந்த நாட்டவர் அதிகம், எத்தனை வகுப்பு உதவியாளர்கள், ஆண்டுதோறும் எத்தனை சதவீதம் ஆசிரியர்கள் விலகுகிறார்கள் என்பதெல்லாம் அங்கே இருக்கும். உதவியாளர்கள் நிறைய இருந்து, ஆசிரியர்களில் பெரும்பாலோர் ஒரே நாட்டவராக இருந்தால், உங்களை உள்ளே எடுப்பார்கள், மேலே ஏற்ற மாட்டார்கள். ஆசிரியர்கள் பல நாட்டவராக இருக்கும் பள்ளியில் வாய்ப்பு அதிகம்.

சேரும்போதே மூன்று வாக்கியங்களை எழுத்தில் கேளுங்கள்: எனக்கு வழிகாட்டும் ஆசிரியர் யார், எந்த மாதத்திலிருந்து நானே பாடம் எடுப்பேன், என் பாடத்தை யார் பார்த்துக் குறிப்பு எழுதித் தருவார்கள். அந்தப் பாட மதிப்பீட்டுக் குறிப்புகளை ஒன்றுவிடாமல் பத்திரப்படுத்துங்கள். எனக்கு வேலை வாங்கித் தந்தவை அப்படிப்பட்ட ஆறு தாள்கள்தான். பதவிப் பெயரையும் கவனியுங்கள். ஒரே ஒரு பிள்ளைக்கு உதவும் கற்றல் உதவியாளர் வேலை மதிப்பானது. ஆனால் பல பள்ளிகளில் அதற்கான சம்பளம் பெற்றோரிடமிருந்து வருகிறது, முழு வகுப்புக்கும் பாடம் எடுக்கும் வாய்ப்பு அரிது. வகுப்பாசிரியர் ஆவதுதான் உங்கள் இலக்கு என்றால் இந்த வேலையை இரண்டாவது தேர்வாக வையுங்கள்.

இன்டர்னாக ஒரு வருடம் போதும். என்னோடு சேர்ந்த தோழி ஒருவர் "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்ற ஒரே பதிலை நான்கு ஆண்டு கேட்டார். அருமையான கணித ஆசிரியை. நான்காவது ஆண்டு வேறு பள்ளிக்கு விண்ணப்பித்தபோது, "நீங்கள் உதவியாளர்தானே" என்று திருப்பி அனுப்பினார்கள். இன்றும் அதை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை.

சான்றிதழ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டம், பி.எட். இரண்டுக்கும் மாநில அரசு, இந்திய வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று வரிசையாக அட்டெஸ்டேஷன் (சான்றிதழ் உண்மையானது என்று உறுதிசெய்யும் முத்திரை) வேண்டும். கடைசி முத்திரை அமீரக வெளியுறவு அமைச்சகத்தில். இன்னும் ஊரில் இருப்பவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். அஞ்சல் வழியில் படித்தவர்கள், அந்தப் பட்டம் இங்கே ஏற்கப்படுமா என்று பணம் செலவழிப்பதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கணிதம், அறிவியல், மொழிப் பாடங்களில் 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தகுதி பெற்றவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 2023 முதல் இங்கிலாந்தின் க்யூ.டி.எஸ். என்ற அங்கீகரிக்கப்பட்ட ஆசிரியர் தகுதிக்கு இந்திய ஆசிரியர்களும் நேரடியாக விண்ணப்பிக்கலாம். பிரிட்டிஷ் பள்ளிகளில் அதற்கு நல்ல எடை உண்டு. இணையவழியில் படிக்கும் பன்னாட்டு பி.ஜி.சி.இ. என்ற ஆசிரியர் பயிற்சிப் படிப்பு வேறு, அது க்யூ.டி.எஸ். தராது. இரண்டையும் குழப்பிக்கொண்டு பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.

எப்போது தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: பிரிட்டிஷ் பள்ளிகளிலும், ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலரியேட்) என்ற பன்னாட்டுப் பாடத்திட்டப் பள்ளிகளிலும் கல்வியாண்டு ஆகஸ்ட் கடைசியில் தொடங்குகிறது. யார் தொடர்கிறார்கள், யார் விலகுகிறார்கள் என்பது குளிர்கால விடுமுறையை ஒட்டித் தெரிந்துவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை ஆட்களை எடுப்பார்கள். ஆகஸ்டில் இன்டர்னாகச் சேர்ந்தவர், டிசம்பருக்குள் குறைந்தது நான்கு பாடமாவது தனியாக எடுத்துக் காட்டியிருக்க வேண்டும். விடுமுறைக்கு முந்தைய வாரம் தலைமையாசிரியரிடம் பதினைந்து நிமிடம் கேட்டு வாங்கி, அந்தக் குறிப்புத் தாள்களோடு போய் உட்காருங்கள்.