ஆரணியிலிருந்து சத்துவாச்சாரிக்குக் குடிவருகிறோம், கொஞ்சம் வழி சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். ஆடி முடியட்டும் என்று காத்திருந்து, ஆவணி முதல் முகூர்த்தத்தில் பால் காய்ச்ச நாள் குறித்திருக்கிறோம். வேலூர் சத்துவாச்சாரியில் முதல் மாடி வாடகை வீடு. நான், கணவர், ஏழாவது படிக்கும் மகள், கூட என் மாமியார். 1989ல் மாவட்டம் பிரிந்தும் அவருக்கு இன்னமும் ஆரணியும் வேலூரும் ஒரே வடஆற்காடுதான். ஆனால் நாற்பது வருடம் இருந்த தெருவை விட்டு வருவது மனசுக்குள் பாரமாக இருக்கிறது, வாய்விட்டுச் சொல்லமாட்டார்.

எனக்குப் பெரிய கவலை தண்ணீர். போர் தண்ணீர் உப்பு என்கிறார்கள். காவிரித் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது? குடிக்க கேன்தான் வாங்க வேண்டுமா? ஒரு சின்டெக்ஸ் டிரம் வாங்கி வைக்கலாமா?

அடுத்து ஆட்டுக்கல். மாமியார் கல்யாணத்துக்குச் சீராக வந்தது. விட்டுவிட்டு வர எனக்கே மனமில்லை. குட்டி யானையில் ஏற்றிவிடலாம், மாடிப்படியில் பத்திரமாகத் தூக்க ஆள் எங்கே கிடைப்பார்கள், கூலி எவ்வளவு கேட்பார்கள்?

ரேஷன் கார்டில் முகவரி மாற்ற வாடகை ஒப்பந்தம் போதுமா, கேஸ் புத்தகமும் கேட்பார்களா? போன முறை ஒரு தாள் குறைந்ததற்கு மூன்று தடவை அலைந்தோம்.

மாமியாருக்கு முட்டிவலி. சாயங்காலம் மெல்ல நடந்துபோய், நாலு பேரோடு உட்கார்ந்து பேச அருகில் கோயிலோ பூங்காவோ இருந்தால் அவசியம் சொல்லுங்கள். அந்தப் பக்கம் இருக்கும் அக்காக்கள் யாராவது ஒருநாள் வீட்டுக்கு வந்தால் இன்னும் சந்தோஷம்.